கால் மாறிய ஜன்னல்

ஜன்னலில் கதை வைக்கிற தெரு ஒன்று இருந்தது. சிவன் கோயிலுக்கு முன்னால் நீளமாய்ப் போகிற தெரு. மார்கழி பிறந்துவிட்டால் அங்கே வீட்டுக்கு வீடு கறுப்பு அட்டையை வாங்கிவந்து பிளேடால் உருவம் வெட்டுவார்கள். வெட்டிய இடத்தில் வண்ணக் கண்ணாடித் தாளை ஒட்டி, ஜன்னல் கம்பியில் கட்டி, உள்ளே ஒரு பல்பைப் போடுவார்கள். பொழுது சாய்ந்ததும் ஒரு வீட்டில் கண்ணன் வெண்ணெய் திருடுவான், அடுத்த வீட்டில் அனுமார் கடல் தாண்டுவார். ஊரே தெருவில் நடந்து பார்க்கும்.

இதைச் சொல்லிக்கொடுத்தவள் செண்பகவல்லி. முப்பது வயதுகூட ஆகவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான். அவளைவிட இருபது வயது மூத்த உமையாளும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டாள். டீச்சர் உமையாளை அக்கா என்பாள். சீடர்களில் உமையாள்தான் பழையவள்.

கோயில் முன்மண்டபத்தில் ஒரு பெரிய ஜன்னல் உண்டு. திருவாதிரை அன்று அதில் நடராஜரை டீச்சரே வைப்பாள். இந்த வருடம் அவள் சொன்னாள்:

"பெரிய ஜன்னலை உங்கள்ல ஒருத்தர் வைக்கட்டும். அவங்கவங்க வீட்டுல முதல்ல நடராஜரை வைங்க. பார்த்துட்டுச் சொல்றேன்."

அன்றிலிருந்து உமையாளுக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் வெட்டிய நடராஜரில் ஒரு குறை சொல்ல முடியாது. சடை விரிந்து பறந்தது. சுற்றிலும் தீ நாக்குகள் ஒன்றைப்போல் ஒன்று நின்றன. வலது கால் முயலகன் முதுகில், இடது கால் தூக்கி, தில்லையில் நிற்கிறபடியே நின்றார்.

எதிர்வீட்டுப் பரிமளா போன வருடம்தான் கற்றுக்கொள்ள வந்தவள். அவள் வெட்டிய முயலகன் பூசணிக்காய் மாதிரி இருந்தான். கண்ணாடித் தாள் அங்கங்கே குமிழ் விட்டிருந்தது. அதெல்லாம் போகட்டும். அட்டையையே திருப்பிப்போட்டு, முகப்பக்கத்தில் தாளை ஒட்டிவிட்டாள். தாள் ஒட்டிய பக்கம்தான் உள்ளே போகும். தெருவைப் பார்க்க வேண்டிய முகம் வீட்டுக்குள் பார்த்தது. தெருவில் நின்று பார்த்தால் சாமி இடது காலில் நின்று வலது காலைத் தூக்கியிருந்தார்.

ஒட்டிய அன்றே பரிமளா சிரித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"அக்கா, கூத்தைக் கேளுங்க. மாத்தி ஒட்டித் தொலைச்சுட்டேன். பசையும் காஞ்சுபோச்சு. பிரிச்சா கிழிஞ்சிடும். டீச்சர் திட்டுவாங்களோ?"

உமையாளுக்கு நெஞ்சுக்குள் பால் பொங்கியது.

"அவங்க எங்க இதைக் கவனிக்கப் போறாங்க. அப்படியே வை," என்றாள்.

பரிமளா அப்படியே வைத்தாள்.

மறுநாள் பொழுது சாய்ந்தது. உமையாள் பல்பைப் போட்டுவிட்டு வாசலில் வந்து நின்றாள். வந்தவர்கள் அவள் ஜன்னலைப் பார்த்தார்கள். "அம்சமா இருக்கு" என்றார்கள். பிறகு எதிர்ப்பக்கம் திரும்பினார்கள். இப்போது சிரிக்கப் போகிறார்கள் என்று உமையாள் காத்திருந்தாள்.

கூட்டத்தில் ஒரு பெரியவர் இருந்தார். மதுரையிலிருந்து மகள் வீட்டுக்கு வந்தவர். பரிமளா ஜன்னலைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

"எங்க ஊர் சாமில்ல இது," என்றார். "கால் மாறி ஆடுறார் பாருங்க."

"அதென்ன கதை தாத்தா?" என்று யாரோ கேட்டார்கள்.

"பாண்டிய ராசா ஒருத்தன் ஆட்டம் கத்துக்கிட்டான். உடம்பெல்லாம் நோவு. கோயிலுக்கு வந்து பார்த்தா சாமி காலங்காலமா ஒரே காலை ஊனி நிக்கிறார். எனக்கே இந்த வலி வலிக்குதே, உனக்கு வலிக்காதா, காலை மாத்திக்கப்பான்னு அழுதான். சாமி மாத்திக்கிட்டார்."

ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இன்னொருத்தி ஓடிப்போய்க் கற்பூரம் வாங்கிவந்து கொளுத்தினாள். பரிமளா ஒன்றும் புரியாமல் வாசலில் விழித்துக்கொண்டு நின்றாள்.

உமையாள் திரும்பிப் பார்த்தாள். கூட்டத்தின் கடைசியில், கையைக் கூப்பிக்கொண்டு அவள் புருஷன் நின்றார்.

"நீங்களுமா?"

"சும்மா, கூட்டமா இருந்துதேன்னு பார்த்தேன்."

"நம்ம வீட்டுல இருக்கிறது சாமி இல்லையா?"

"அதுவும் சாமிதான்," என்றார் அவர், கையை இறக்காமல்.

அதற்கு மேல் அவளால் வாசலில் நிற்க முடியவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் டீச்சர் வீட்டுக்கு நடந்தாள். போகிற வழியெல்லாம் ஜன்னல்கள் எரிந்தன. ஒன்றையும் அவள் பார்க்கவில்லை.

டீச்சர் தரையில் உட்கார்ந்து புது அட்டையில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்க அக்கா. முகமெல்லாம் வேர்த்திருக்கு."

"டீச்சர், பெரிய ஜன்னலை யாருக்குக் கொடுக்கப் போறீங்க?"

"உங்களுக்குத்தான்."

சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்த பேச்சு உமையாளுக்கு மறந்துபோனது.

"எனக்கா?"

"வேற யாருக்கு? சாயங்காலமே எல்லா வீட்டையும் பார்த்துட்டேன். கை சுத்தம் உங்களுக்குத்தான். உட்காருங்க, தண்ணி குடிங்க."

உமையாள் உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்தாள். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் இருந்தது. எதிர்வீட்டுக் கற்பூரப் புகை மறுபடி அவள் கண்ணுக்குள் வந்தது. சொம்பைக் கீழே வைத்தாள்.

"அது சரி. அந்தப் பரிமளா ஜன்னல்?"

"அதுக்கென்ன?"

"அது தப்பு டீச்சர். அவ வேணும்னு வைக்கலை. ஊர் என்னடான்னா விழுந்து விழுந்து கும்பிடுது. நீங்க வந்து எல்லார் முன்னாடியும் அது தப்புன்னு சொல்லணும்."

"பெரிய ஜன்னல்தான் கிடைச்சிடுச்சே. இன்னும் எதுக்கு ஒத்தக் கால்ல நிக்கிறீங்க?"

"நிப்பேன். நீங்க வந்து சொல்றவரைக்கும் ஒத்தக் கால்லதான் நிப்பேன்."

டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

"அப்ப நில்லுங்க."

"என்னது?"

"நின்னுக்கிட்டே சொல்லுங்க. முழுசாக் கேட்கிறேன். கேட்டு முடிச்சதும் கூட வர்றேன். காலை மட்டும் சரியா வைக்கணும். நம்ம தில்லைச் சாமி மாதிரி வலது காலை ஊனி, இடது காலைத் தூக்கி."

விளையாடுகிறாளோ என்று உமையாள் பார்த்தாள். டீச்சர் முகத்தில் சிரிப்பு இல்லை. உமையாள் எழுந்தாள். புடவைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிச் செருகினாள். சுவரில் ஒரு கையை ஊன்றி இடது காலைத் தூக்கினாள்.

"சொல்லுங்க," என்றாள் டீச்சர்.

உமையாள் ஆரம்பித்தாள். பரிமளாவின் முயலகன் பூசணிக்காய் மாதிரி இருப்பதைச் சொன்னாள். குமிழ் விட்ட தாளைச் சொன்னாள். நேற்று வந்தவளுக்கு வந்த வாழ்வைச் சொன்னாள். மதுரைக்காரர் ஒருத்தர் கால் மாறிய கதையைச் சொல்லிக் கூட்டத்தைக் கும்பிட வைத்ததைச் சொன்னாள். இத்தனை வருடம் தான் வைத்த சீதையையும் சாவித்திரியையும் பார்த்து ஒருத்தராவது கற்பூரம் கொளுத்தினார்களா என்று கேட்டாள். புருஷன் கையைக் கூப்பி நின்றதைச் சொன்னபோது குரல் உடைந்தது.

"அவ என்கிட்டதான் வந்து கேட்டா டீச்சர், மாத்தி ஒட்டிட்டேன்னு. நான்தான் அப்படியே வைன்னு..."

பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

டீச்சர் உமையாளின் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, காலை மாத்திட்டீங்க."

உமையாள் குனிந்தாள். இடது கால் தரையில் ஊன்றியிருந்தது. வலது கால் அந்தரத்தில் இருந்தது. எப்போது மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை.

"தப்பாச்சே," என்றாள் டீச்சர்.

"என்ன தப்பு? வலிச்சா காலை மாத்திக்கக் கூடாதா?"

டீச்சர் எழுந்தாள். மாடத்திலிருந்த சாவியை எடுத்துக்கொண்டாள். கதவைத் திறந்து, வாசற்படியில் உமையாளுக்கு வழிவிட்டு நின்றாள்.

"வாங்க அக்கா, போகலாம். வலிச்சா காலை மாத்திக்கக் கூடாதான்னு இப்ப கேட்டீங்களே, அதையே அந்த மதுரைக்காரர்கிட்டயும் சொல்லுங்க. தப்புன்னு அப்புறம் நான் சொல்றேன்."

உமையாள் தூக்கிய காலை இறக்கினாள். வாசலைத் தாண்டவில்லை.