நேற்று வைத்த மீன் குழம்பு

ஒரு காட்டில், ஆறு வளைந்து திரும்பும் இடத்தில், சடைச்சி என்றொரு கரடி தனியாக இருந்தாள். அவளுக்குப் பேச்சுத் துணையென்று இருந்தது அடுப்பு ஒன்றுதான், குழந்தைகளே. அதுவும் புகையைத் தவிர வேறு பதில் சொல்லாத அடுப்பு.

முன்பெல்லாம் அப்படி இல்லை. மூன்று குட்டிகள் ஒரே குரலில், "அம்மா, பசிக்குது!" என்று கத்திய குகை அது. இரண்டு பிடித் தினையில் நாலு வயிற்றை நிரப்புவதில் சடைச்சியை அடித்துக்கொள்ள ஆளில்லை. மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைப்பாள். விடிந்ததும் உப்புப் போட்டுக் கரைத்தால் காலைச் சாப்பாடு முடிந்தது. அதிலும் மிஞ்சினால் சீரகம் சேர்த்துப் பிசைந்து, பாறையில் கிள்ளி வைத்து வற்றலாக்கிவிடுவாள். கீரைத் தண்டைக்கூட எறிய மாட்டாள், அது குழம்புக்குப் போய்விடும்.

குட்டிகள் வளர்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. இந்தச் செய்தி சடைச்சியின் கைக்கு மட்டும் எட்டவேயில்லை. அது தினமும் நாலு பேருக்கே அளந்து போட்டது. மிச்சமோ தினமும் மலையாய்க் கிடந்தது.

'யாராவது வந்தால் சேர்ந்து சாப்பிடலாமே' என்று அவள் ஏங்கினாள்.

ஆனால் வருகிறவர்களுக்குப் பழையதைப் போட மாட்டாள். என்றோ ஒருநாள் விருந்துக்கு வந்த நரி, மூக்கைச் சுளித்து, "பழசா?" என்று கேட்டுவிட்டது. அந்த ஒரு சொல் அவள் காதிலேயே தங்கிவிட்டது. அன்று முதல் யார் தலை தெரிந்தாலும் பழைய சட்டியைக் கல்லுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, "உட்காருங்க, இதோ புதுசா உலை வைக்கிறேன்" என்று விறகு பொறுக்க ஓடுவாள்.

வந்தவர்கள் பாதி நாள் காத்துக் கிடந்தார்கள். "பாவம், நம்மால் அவளுக்குத்தான் சிரமம்" என்றது முயல். அப்புறம் முயலும் வரவில்லை, மானும் வரவில்லை. 'என்னை யாருக்கும் பிடிக்கலை' என்று நினைத்துக்கொண்டாள் சடைச்சி. நல்ல கணக்கு!

ஒருநாள் காலையில், குகை வாசலில் ஒரு நாரை வந்து நின்றது.

"அக்கா, சாப்பிட ஏதாச்சும் இருக்கா? ரொம்ப தூரம் பறந்து வந்திருக்கோம். கூட்டம் ஆத்து மணல்ல இளைப்பாறுது, சீக்கிரம் கிளம்பிடும்."

சடைச்சிக்குச் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனாலும் அந்தக் கால் பழைய சட்டியைக் கல்லுக்குப் பின்னால் தள்ள மறக்கவில்லை.

"வா தம்பி, வா! உட்காரு. ஒரு நொடியில மீன் பிடிச்சுட்டு வந்துடறேன்."

"எதுக்கு அக்கா? இருக்கிறதைப் போடுங்க, போதும்."

"முதல் தடவையா வந்திருக்கே, உனக்கு அப்படியா போடுவேன்?" என்று ஆற்றுக்கு ஓடினாள்.

மீன் பிடித்தாள், ஆய்ந்தாள், அலசினாள். விறகு ஈரம். ஊதி ஊதிக் கண் சிவந்தது. நாரை ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றது. வானத்தைப் பார்த்தது. பிறகு மெல்லக் கேட்டது:

"அக்கா, அந்தக் கல்லுக்குப் பின்னாடி இருக்கிற சட்டியில..."

"அதுல ஒண்ணுமில்லே தம்பி!"

குழம்பு அப்போதுதான் ஓரத்தில் நுரைத்தது. ஆற்றுப் பக்கமிருந்து கூட்டத்தின் குரல் கேட்டது. நாரை சிறகை விரித்தது.

"ஒரு கொதி தம்பி, ஒரே ஒரு கொதி!"

"கூட்டத்தை விட்டுட்டா எனக்கு வழி தெரியாது அக்கா. நேத்து வச்ச மீன் குழம்பு வாசனை மேலே வரைக்கும் வந்துச்சு. அதுக்காகத்தான் இறங்கினேன். மீன் குழம்புக்கு மறுநாள்தானே ருசி?"

வெறும் வயிற்றோடு அது பறந்துபோயிற்று.

சடைச்சி கரண்டியோடு நின்றாள். அடுப்பில் ஒரு சட்டி, கல்லுக்குப் பின்னால் ஒரு சட்டி. இரண்டிலும் குழம்பு நிறைய இருந்தது, சாப்பிடத்தான் ஆளில்லை. அவள் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். புதுக் குழம்பு கொதித்துக் கொதித்து அடிப்பிடித்தது.

மறுநாள் காலையில் அவள் அடுப்புப் பக்கமே போகவில்லை. தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றையும், சுண்ட வைத்த குழம்பையும் தூக்கிவந்து வாசலில் வைத்து, மூடியைத் திறந்துவிட்டாள். இரண்டு இலைகளைப் போட்டாள். ஓர் இலைக்கு முன்னால் தான் உட்கார்ந்தாள்.

வானத்தில் ஒரு சிறகும் இல்லை. வெயில் ஏறியது. எதிர் இலை காய்ந்து சுருளத் தொடங்கியது. அவள் அதை எடுத்துவிட்டு வேறு இலை போட்டாள்.

உச்சிப் பொழுதில் புதருக்குள் இரண்டு காதுகள் தெரிந்தன.

"அக்கா," என்று பயந்து பயந்து கேட்டது முயல், "உலை வைக்கப் போறீங்களா?"

சடைச்சியின் வாயில், 'உட்காரு, இதோ' என்ற சொல் வழக்கம்போல ஓடிவந்தது. அதை விழுங்கிக்கொண்டாள்.

"இல்லை. நேத்துச் சோறுதான் இருக்கு."

"அப்படின்னா வர்றேன்" என்றது முயல்.

நீதி: இருப்பதைக் கூசாமல் எடுத்து வைக்கும் வீட்டுக்கே துணை வந்து சேரும்.