நீட்டிய குறில்

உங்கள் வீட்டில் கடைசியாக உங்களிடம் சொல்லப்பட்ட சொல் எது? நினைவிருக்கிறதா?

அமலனுக்கு நினைவில்லை. அவன் நெஞ்சில் சந்தேகம் ஒன்றுதான் இருந்தது.

"டீச்சர், என் மனைவி எனக்கு எதிராக ஏதோ செய்கிறாள்" என்றபடியே பூங்கோதையின் வகுப்பறைக்குள் நுழைந்தான்.

பூங்கோதை தாளம் கற்பிப்பவர். அமலனைவிட வயதில் இளையவர். தவில் வாசித்துக் காய்த்துப்போன கைகள் அவருக்கு.

"வாங்க, வீட்டுக்காரரே!"

கேலிக்குக் காரணம் உண்டு. 'ஹவுஸ்' என்னும் நடன இசை வகையில் அமலன் உருவாக்கிய 'வீடு' என்ற பாட்டு புதுச்சேரியின் நடன கிளப்புகளை ஆட்டிப்படைத்துக்கொண்டிருந்தது. பெங்களூரிலும் கொழும்பிலும்கூட அதற்கு ஆடினார்கள். ஒரே சீராக விழும் தட்டு. அதன்மேல் ஒரு பெண்குரல், ஒரே சொல்: வீடு, வீடு, வீடு. அது வந்ததும் கூட்டம் கைகளை உயர்த்திக் கூடவே கத்தும்.

"அந்தக் குரல் யாருடையது என்று ஊரே கேட்கிறது. நீங்கள் வாய் திறக்கவில்லையே?"

"அவளுடையதுதான், நித்திலாவுடையது." அமலன் வாசலைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "பாட்டு ஒலித்தால் எழுந்து போய்விடுகிறாள். தன் அக்காவோடு கிசுகிசுக்கிறாள்; என்னைக் கண்டால் நிறுத்திக்கொள்கிறாள். இன்று காலை கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி, துணி அடுக்கியபடி. குரலுக்கு உரிமை கேட்கப் போகிறாள், டீச்சர். யாரோ தூண்டிவிடுகிறார்கள்."

"நீங்கள் கேட்டுத்தானே பாடினார்?"

"அவள் எங்கே பாடினாள்? ஏதோ வாக்குவாதம். கையைப் பிடித்திருந்தேன். மைக் திறந்திருந்தது. அவள் சொன்ன சொல் அதில் விழுந்துவிட்டது. அருமையான குரல். ஆனால் சொல் குறிலில் தொடங்கியது, தாளத்தில் உட்காரவில்லை. இழுத்து நெடிலாக்கினேன்."

பூங்கோதை அவன் அலைபேசியைச் சுட்டிக்காட்டினார்.

"பாட்டைப் போடுங்கள்."

அலைபேசியில் போட்டான். தட்டு விழத் தொடங்கியது. பூங்கோதை எழுந்து வந்து அவன் மணிக்கட்டைப் பற்றினார்.

அமலன் சிரித்தான். ஏதோ தாளம் காட்டப்போகிறார் என்று நினைத்தான்.

பிடி இறுகியது.

"டீச்சர், வலிக்கிறது."

அவர் தலையை அசைத்து ஆடத் தொடங்கினார்.

"விளையாட்டு போதும். விடுங்கள்."

"ஆகா, என்ன குரல்! இன்னொரு முறை."

"விடுங்கள் என்கிறேன்!"

"இது இன்னும் உருக்கம். கூட்டம் சொக்கிப்போகும்." அவர் கால்கள் தாளம் தவறவில்லை.

இழுத்துப் பார்த்தான். கை வரவில்லை. மரியாதை நாவைவிட்டுப் போயிற்று.

"விடு!"

பூங்கோதை கையை விட்டார்.

அலைபேசியில் நித்திலாவின் குரல் தொடர்ந்தது. அமலன் அதை முதன்முறையாகக் கேட்டான்.

மணிக்கட்டில் ஐந்து விரல்களும் சிவந்து பதிந்திருந்தன. அந்தச் சிவப்பை அவன் முன்பே பார்த்திருந்தான், வேறொரு கையில்.

பூங்கோதை பாட்டை அணைத்தார்.

"இன்று மாலை கிளப்பில் விழா" என்றான் அமலன் தரையைப் பார்த்தபடி. "அவளை மேடையேற்றி, எல்லார் முன்னாலும் அந்தச் சொல்லைச் சொல்லவைப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டேன்."

"சொல்லிவிட்டாரே. இன்னும் எத்தனை முறை சொல்ல வேண்டும்?"

"விழா முடியட்டும், டீச்சர். நாளைக்கு நிதானமாக அவளிடம்..."

"நீட்டாதீர்கள்!"

அவர் கதவை அகலத் திறந்து வைத்தார்.

"வீட்டுக்குப் போங்கள். பெட்டியைத் தூக்கினால் வழி மறிக்காதீர்கள். அவர் சொல்வதை, சொன்ன அளவிலேயே கேளுங்கள். நாளைக்கல்ல, இன்றைக்கு. இப்போதே போங்கள்!"