சும்மா இருக்கப் போன மூவர்

கூழாங்குறிச்சிக்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்ட மாட்டார்கள். அந்த ஊருக்கு இருக்கும் நல்ல பெயரும் அதுதான், கெட்ட பெயரும் அதுதான்.

அங்கே மாவு மில் வைத்திருந்த விருத்தகிரிக்கு ஒருநாள் மில் படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. டவுன் டாக்டர் அழுத்திப் பார்த்து, தட்டிப் பார்த்து, "பிரஷர் எகிறிக் கெடக்கு. இப்படியே மில்லைக் கட்டிக்கிட்டு அழுதீங்கன்னா உயிருக்கே ஆபத்து. ஏதாவது தீவுப் பக்கம் போய்க் கொஞ்ச நாள் சும்மா இருங்க" என்றார்.

விருத்தகிரி ஆடிப்போனார். மில்லைக் கட்டிக்கொண்டு அவர் ஒருநாளும் அழுததில்லை. இருந்தாலும் இனிமேல் அதன் பக்கத்தில் போகும்போது கையைக் கட்டிக்கொள்வது என்று முடிவு செய்தார்.

தனியாகச் சும்மா இருக்க அவருக்குப் பயமாக இருந்தது. மனைவியின் தம்பி கலியமூர்த்தியையும் பக்கத்து வீட்டுப் பாவாடையையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். இருவரும் அந்த வேலையில் நல்ல அனுபவம் உள்ளவர்கள் என்று ஊரே சொன்னது.

டிராவல்ஸ் ஆபீஸில் இருந்தவர் உற்சாகமாகிவிட்டார். "நண்டுத்தீவா? அருமையான இடம் சார்! கையை வீசிக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டுப் போகலாம்."

அப்படியே போனார்கள். கையை வீச வேண்டியிருந்ததால் பைகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள். படகில் கலியமூர்த்தி வீசிய கை ஒருவரின் டீயைத் தட்டிவிட்டது. பாவாடை வீசிய கை ஒருவரின் மூக்குக் கண்ணாடியைக் கடலுக்கு அனுப்பியது. விருத்தகிரி கண்ணைத் திறக்காமலே அவர்களுக்காக மன்னிப்புக் கேட்டார். கேட்டது படகின் கம்பத்திடம். அது ஒன்றும் பேசாததால், பெரிய மனசுக்காரர் என்று நினைத்துக்கொண்டார்.

தீவில் விடுதி வைத்திருந்த சவரிமுத்து தங்கமான மனிதர். "வாங்கய்யா, வாங்க! இதை உங்க வீடா நெனச்சுக்குங்க."

விருத்தகிரிக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. அன்றைக்கே அப்படி நினைக்க ஆரம்பித்தார். சாயங்காலம் ஒரு புதுமணத் தம்பதி பெட்டியோடு உள்ளே வந்தது.

"யாரு வேணும்?" என்றார் விருத்தகிரி.

"ரூம் வேணும்."

"இது குடும்பம் இருக்கற வீடு தம்பி. ரூம் வேணும்னா விடுதியில போய்க் கேளுங்க" என்று வழி காட்டி அனுப்பிவைத்தார். பின்னாலேயே சவரிமுத்து, குரல் கேட்டு ஓடிவந்து, "என்னய்யா பண்றீங்க?" என்றார். வீட்டுக்கு வந்தவரை நிற்க வைத்துப் பேசலாமா? விருத்தகிரி அவரை உட்கார வைத்து, காபி கொடுத்து, "அப்புறம், எப்ப ஊருக்குக் கெளம்பறீங்க?" என்று அன்பாக விசாரித்தார்.

மறுநாள் வைத்தியம் ஆரம்பமானது. மூவரும் கடற்கரையில், தண்ணீர் ஓரமாக, வரிசையாக உட்கார்ந்தார்கள்.

"சும்மா இருக்கணும்" என்றார் விருத்தகிரி. "ஆமா, மூச்சு விடலாமா?"

கலியமூர்த்தி யோசித்தான். "நாமளா விடறோம் மாமா? அதுவா போவுது, அதுவா வருது. அதுல நம்ம பொறுப்பு ஒண்ணும் இல்ல."

"கொசு கடிச்சா?" என்றான் பாவாடை.

"கடிக்கிறது கொசுவோட வேலை. அடிக்கிறது நம்ம வேலை. டாக்டர் நம்மளத்தான் வேலை செய்யக் கூடாதுன்னாரு" என்றார் விருத்தகிரி.

"பேசலாமாண்ணே?"

இது பெரிய கேள்வி. பேசக் கூடாது என்று முடிவு செய்வதற்கு அவர்கள் வெகுநேரம் பேசினார்கள். அதற்குள் தண்ணீர் ஏறிவிட்டது.

"மாமா, தண்ணி இடுப்புக்கு வந்துடுச்சு."

"தண்ணிதானே வந்தது? நாம போவலையே."

"அண்ணே, கழுத்துக்கு வந்துடுச்சு."

விருத்தகிரிக்குப் பயம் வந்தது. எழுந்தால் பிரஷர், உட்கார்ந்தால் கடல். மனைவி அஞ்சலாட்சி வாசலில் நின்று கண் கலங்கியது ஞாபகம் வந்தது. டாக்டர் பேச்சைக் கேட்காமல் செத்தால் அவள் மன்னிக்கவே மாட்டாள். கேட்டுச் செத்தால் ஒருவேளை மன்னிப்பாள். கண்ணை இறுக்கிக்கொண்டு அசையாமல் இருந்தார்.

நல்லவேளையாக மீனவர்கள் பார்த்துவிட்டார்கள். தலைமுடியைப் பிடித்து இழுத்து, மூன்று பேரையும் மணலில் போட்டார்கள்.

"தண்ணி ஏறுதுன்னு தெரியலையா? எந்திரிச்சு வர வேண்டியதுதானே!" என்று கத்தினார் ஒரு மீசைக்காரர்.

"நாங்க சும்மாதான் இருந்தோம்" என்றார் விருத்தகிரி, உப்புத் தண்ணீரைத் துப்பியபடி. "கடல்தான் வந்து சண்டைக்கு நின்னுது."

மீனவர்கள் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்கள். விருத்தகிரி மணலில் மல்லாந்து கிடந்தபடி காதைத் தீட்டினார். புஸ்ஸு... புஸ்ஸு... என்று ஓயாமல் சத்தம் வந்தது. சட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.

"டேய் கலியா, கேட்டியா? மூச்சு வாங்குது!"

"யாருக்கு மாமா?"

"கடலுக்குடா! மில் படியேறினா எனக்கு வருமே, அதே மூச்சு. வாயில நுரை தள்ளுது பாரு. பாவம், ராப்பகலா ஓடி ஓடி ஒழச்சிருக்கு. நம்மள என்னமோ நோயாளின்னாங்க!"

மூவருக்கும் கண் கலங்கியது. இந்த நிலையில் இதை விட்டுவிட்டுப் போக யாருக்கு மனசு வரும்? நம் டாக்டரிடமே கூட்டிப்போவது என்று ஒரே பேச்சில் முடிவானது. சவரிமுத்துவிடம் ஒரு குடம் கேட்டார்கள். இன்றைக்கே கிளம்புகிறார்கள் என்று தெரிந்ததும் அவர் இரண்டு குடம் கொடுத்தார். ஒன்று போதும் என்று அலையோரம் போய், வலிக்காமல், பக்குவமாக மொண்டுகொண்டார்கள்.

திரும்பும் படகில் குடத்துக்கு ஜன்னலோர இடம் கொடுத்தார்கள். பாவாடை துண்டால் விசிறினான். கலியமூர்த்தி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு அதிசயித்தான்.

"மாமா! ஒரு அலை இல்ல, ஒரு நுரை இல்ல. எப்படி அமைதியா படுத்திருக்கு பாருங்க!"

"எடம் மாறினாலே பாதி நோய் போயிடும்டா" என்றார் விருத்தகிரி.

அப்போது படகு ஆடியது. ஒரு பெரிய அலை எழும்பி, ஜன்னல் வழியாக உள்ளே பாய்ந்து, குடத்தின் மேலேயே விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று வந்தது. விருத்தகிரி பதறி எழுந்தார். குடத்தின் வாயை ஒரு கையால் மூடிக்கொண்டு, இன்னொரு கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, கடலைப் பார்த்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார்:

"சொந்தக்காரங்க எல்லாரும் இப்படி ஒரேயடியா உள்ள வந்தா எப்படிங்க? இப்பத்தான் கண் அசந்திருக்காரு. ஒவ்வொருத்தரா வந்து பாத்துட்டுப் போங்க!"