தைச்சுங் நகரில் மூவர் காலைப் பலகாரம் சாப்பிட்ட கதை

திருப்பூர் பனியன் தொழிலில் மூளைக்காரர்களுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் தைவானுக்கு அனுப்ப முதலாளி மூன்று பேரைத் தேடிய வாரத்தில், மூளைக்காரர்கள் எல்லோருக்கும் வேலை இருந்தது. வேலையில்லாமல் நின்றது தெய்வசிகாமணி, நாச்சிமுத்து, சென்னியப்பன் என்ற மூவர்தான்.

மூவருக்கும் தெய்வசிகாமணி தலைவர். பாஸ்போர்ட் போட்டோவில் அவர் ஒருவர்தான் கண்ணைத் திறந்து வைத்திருந்தார் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. இதை அவரே சொல்லிச் சிரிப்பார். "கண்ணு தொறந்திருந்ததுங்க. உள்ள ஆள் இருந்தானான்னு யாரும் பாக்கல."

தைச்சுங் நகரில் பின்னல் இயந்திரம் செய்கிற கம்பெனி ஒன்று இருந்தது. அதன் ஏஜென்சியை எப்படியாவது வாங்கி வர வேண்டும். கம்பெனியின் உரிமையாளர் லின் என்ற பெரியவர், கூட உட்கார்ந்து காலைப் பலகாரம் சாப்பிட்டுப் பார்க்காமல் யாருக்கும் ஏஜென்சி தருவதில்லை. "வெறுங்கையோட வந்தீங்கன்னா மூணு பேரையும் கட்டிங் டேபிள்ல போட்டு வெட்டிப்புடுவேன்" என்று முதலாளி வழியனுப்பினார். சென்னியப்பனுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. "எந்த டேபிளுங்க, பழசா புதுசா?"

அந்தக் கம்பெனியில் தவமலர் என்று ஒரு பெண் வேலை பார்த்தாள். ஈப்போவில் பிறந்த மலேசியத் தமிழ்ப் பெண். அவள் கூட வந்து பேச்சை மொழிபெயர்ப்பதாக ஏற்பாடு. விடிந்தால் அவளுக்குக் காய்ச்சல். போன் வந்தது.

"அண்ணே, நான் வர முடியாதுலா. நீங்களே போயிடுங்க. தெரு மூலையில இருக்குற சோயாப் பால் கடை. பெரியவர் சாம்பல் கலர் சட்டை, கண்ணாடி போட்டிருப்பார். அவர் என்ன செய்றாரோ அதையே நீங்களும் செய்யுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"அவுரு செய்யறதையேங்களா?"

"அப்படியே செய்யுங்க. இங்க அதுதான் மரியாதை."

தெய்வசிகாமணி போனை வைத்துவிட்டு மற்ற இருவரையும் பார்த்தார். இத்தனை சுலபமான வேலை வாழ்க்கையில் அவருக்கு வாய்த்ததே இல்லை. யோசிக்கவே வேண்டாம் என்கிறார்களே, அது தனக்காகவே தைத்த சட்டை மாதிரி இருந்தது.

கடை சின்னது. வாசலிலேயே பெரிய வாணலியில் எண்ணெய் கொதித்தது. கடைக்கார அம்மாள் முருங்கைக்காய் நீளத்துக்கு மாவை இழுத்துப் போட்டு, அது உப்பியதும் முழ நீளக் குச்சிகளால் புரட்டி எடுத்தாள். மூவரும் உட்கார்ந்ததும் ஒரு துண்டுத் தாளும் பென்சிலும் கொண்டுவந்து வைத்தாள். பலகாரங்களின் பெயருக்கு எதிரே கட்டம் கட்டமாக இருந்தது. வேண்டியதற்குக் கோடு போட்டுக் கொடுத்தால் கொண்டுவருவார்கள்.

"பரீட்சைங்ணா" என்றான் நாச்சிமுத்து. முகம் வெளுத்துவிட்டது. "பலகாரம் திங்கறதுக்குமா பரீட்சை வெக்கறாங்க?"

"வெளிநாடுன்னா அப்படித்தான்" என்றார் தெய்வசிகாமணி. "நீ பக்கத்து டேபிளப் பாத்து எழுது. மேடம் பாக்காதப்ப."

நாச்சிமுத்து எக்கிப் பார்த்தான். பக்கத்து மேசைக்காரர் தாளைக் கையால் மறைத்துக்கொண்டார். சரியாகப் படிக்கிற பையன் போல என்று மூவரும் மனம் நொந்தார்கள்.

அந்த நேரத்தில் சாம்பல் கலர் சட்டையும் கண்ணாடியுமாக ஒரு பெரியவர், தோளில் மாவு மூட்டையோடு உள்ளே வந்தார். அவர் கடைகளுக்கு மாவு போடுகிறவர். மூவரும் எழுந்து நின்று கும்பிட்டதைப் பார்த்துத் திகைத்து, அந்த ஊரில் காலை வணக்கம் சொல்கிற மாதிரி, "சாவ்!" என்றார்.

"ஏனுங்ணா, எடுத்த எடுப்புலயே சாவுங்கறாரு!" என்றான் நாச்சிமுத்து.

"அவுரு செய்யறதைச் செய்யோணும்" என்று நினைவூட்டிவிட்டு, தெய்வசிகாமணி கை கூப்பியபடி, "சாவுங்க!" என்றார். மற்ற இருவரும், "நல்லா சாவுங்க!" என்றார்கள். மாவுக்காரர் மகிழ்ந்துபோய்ச் சிரித்தார்.

அவர் மூட்டையோடு சமையல்கட்டுக்குள் போனார். மூவரும் போனார்கள். அவர் மூட்டையை இறக்கி முதுகைத் தடவிக்கொண்டார். மூவரும் முதுகைத் தடவிக்கொண்டார்கள். அவர் திரும்ப வாசலில் நின்ற வேனுக்குப் போய் அடுத்த மூட்டையைத் தூக்கினார். தெய்வசிகாமணி ஒன்றைத் தூக்கினார். தலை சுற்றியது. ஏஜென்சி என்றால் சும்மாவா என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

மாவுக்காரர் மில்லில் ரொம்ப நாளாக ஓர் உதவியாள் கேட்டுக்கொண்டிருந்தவர். கேட்டது ஒருவர், கிடைத்தது மூவர். மில்லை வாழ்த்தியபடி அவர் வேகமாக நடந்தார்.

உண்மையான லின் பெரியவர் அப்போதுதான் வந்து சேர்ந்தார். அவருக்கும் சாம்பல் கலர் சட்டை, அவருக்கும் கண்ணாடி. தவமலர் அவருக்கும் போன் போட்டிருந்தாள். விருந்தாளிகள் கூச்சக்காரர்கள், அவர்கள் செய்வதையே ஐயாவும் செய்தால் மனம் குளிர்ந்துபோவார்கள் என்று சொல்லியிருந்தாள். நெற்றியில் திருநீறோடும் தலையெல்லாம் மாவோடும் மூன்று இந்தியர்கள் மூட்டை சுமப்பதை லின் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ஒரு மூட்டைக்குக் குனிந்தார்.

"ரெண்டு பெரியவர் இருக்காருங்ணா" என்றான் சென்னியப்பன், மூட்டைக்கு அடியிலிருந்து. "இவங்கள்ல யாருங்க நம்ம லின்னு?"

மூட்டைகளை இறக்காமலே மூவரும் கூடிப் பேசினார்கள்.

"மூட்டையோட வந்தவர்தான் லின்னு" என்றார் தெய்வசிகாமணி. "கைய வீசிட்டு வந்தவன் வேற யாரோ."

"நம்ம முதலாளி மூட்டை தூக்கி நான் பாத்ததே இல்லீங்களே" என்றான் நாச்சிமுத்து.

"அதனாலதான் அவுருக்கு ஏஜென்சி கெடைக்கல."



"அப்ப இந்த ஆளு எதுக்கு நம்மளாட்டவே பண்றான்?" என்று கேட்டான் சென்னியப்பன்.

தெய்வசிகாமணிக்கு அப்போது ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. தனக்கு யோசனை வருகிற நாளெல்லாம் விபரீதமான நாள் என்பது அவருக்கே தெரியும். ஆனாலும் வந்ததை என்ன செய்வது? "அவனும் ஏஜென்சி கேட்டு வந்தவன்டா! போட்டிக்காரன்! நம்மளுக்கு முன்னாடி போக உட்றாதீங்க!"

அதற்குப் பிறகு லின் எந்த மூட்டையைத் தொட்டாலும் அதை நாச்சிமுத்து பிடுங்கிக்கொண்டான். வாசற்படியில் அவருக்கு வழிவிடாமல் சென்னியப்பன் குறுக்கே நின்றான். வயதானவனைச் சிரமப்பட விடமாட்டேன் என்கிறார்களே என்று லின்னுக்குக் கண் கலங்கியது.

மாவுக்காரர் வேனில் ஏறினார். நால்வரும் ஏறினார்கள். அந்த வட்டாரத்தில் இருந்த காலைப் பலகாரக் கடைகள் ஒவ்வொன்றிலும் வேன் நின்றது. ஒவ்வொரு கடையிலும் முட்டை ரொட்டி வாசமும் சுட்ட எள்ளு வாசமும் மூக்கைத் துளைத்தன. ஒவ்வொரு கடையிலும் மூட்டையை இறக்கிவிட்டு வெளியே வந்தார்கள். "சாப்பிட வந்து இத்தன கடையில சாப்பிடாம போறது நாமளாத்தானுங்ணா இருக்கும்" என்றான் சென்னியப்பன், ஒருவிதப் பெருமையோடு.

கடைசிக் கடையில் வேன் காலியானது. மாவுக்காரர் உட்கார்ந்தார். நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். அவர் ஒரு விரலால் தன்னையும் மற்றவர்களையும் சுட்டிக் காட்ட, ஐந்து கிண்ணம் சூடான சோயாப் பாலும் ஒரு தட்டு நிறையப் பொரித்த மாவும் வந்தன. உப்புப் போட்ட பால் அது. காடி ஊற்றியிருந்ததால் தயிர் மாதிரி திரிந்து, மேலே வெங்காயத்தாள் மிதந்தது.

"பால் திரிஞ்சிருச்சுங்ணா" என்று நாச்சிமுத்து காதோடு சொன்னான்.

"சத்தம் போடாதே. கடைக்கார அம்மா மனசு சங்கடப்படும்."

"மாடு சரியில்லீங்களா?"

"இது மாடில்லாத பாலுடா."

"மாடே இல்லாத பால், திரியாம என்ன பண்ணும்" என்று சென்னியப்பன் பரிதாபப்பட்டான். மாவுக்காரர் குடித்தார். மூவரும் கண்ணை மூடிக் குடித்தார்கள். கண்ணைத் திறந்தபோது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நெம்ப நன்றாக இருந்தது. திரிந்த பாலை இத்தனை வருடமாகக் கொட்டிக்கொண்டிருந்த பெண்டாட்டிகளை நினைத்து மூவருக்கும் கோபம் வந்தது.

மாவுக்காரர் பொரித்த மாவை ஒரு முழத்துக்கு எடுத்துப் பாலில் முக்கி ஊறவிட்டார். எல்லோரும் முக்கினார்கள். ஊறிக்கொண்டிருக்கும்போது அவர் வாய்க்குள் கைவிட்டார். மேல்வரிசைப் பல்லை முழுசாகக் கழற்றினார். கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.



தெய்வசிகாமணி மெல்லக் கையை வாய்க்குக் கொண்டுபோனார். இழுத்தார். பக்கத்தில் மற்ற இருவரும் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"வருதுங்களாண்ணா?"

"வரலடா. ஒனக்கு?"

"ஒண்ணு ஆடுது. மத்ததெல்லாம் புடிவாதமா நிக்குது."

அப்போது போட்டிக்காரர், அதாவது லின், ஒரு சங்கடமும் இல்லாமல் வாய்க்குள் கைவிட்டு, தன் மேல்வரிசையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். மூவரையும் பார்த்து, பொக்கை வாயால் அன்பாகச் சிரித்தார்.

"அவனுக்கு வந்துருச்சுங்ணா" என்றான் நாச்சிமுத்து.

தெய்வசிகாமணிக்கு முதலாளியின் முகமும் கட்டிங் டேபிளும் கண்முன் வந்து நின்றன. மூட்டையில் ஜெயித்து, பாலில் ஜெயித்து, கடைசியில் பல்லில் தோற்றாயே சிகாமணி என்று தன்னையே திட்டிக்கொண்டார். எதிரே லின் போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். சிறிது நேரத்தில் தெய்வசிகாமணியின் போன் அடித்தது. தவமலர்.

"அண்ணே, என்ன மாயம் பண்ணீங்க? பெரியவர் இப்பத்தான் மெசேஜ் போட்டார். இப்படி மரியாதை தெரிஞ்ச ஆளுங்களப் பார்த்ததே இல்லையாம். ஏஜென்சி உங்களுக்குத்தான்னு சொல்லிட்டார்லா!"

தெய்வசிகாமணி மாவுக்காரரைப் பார்த்தார். மாவுக்காரர் ஊறிய மாவை ஈறால் மென்றபடி தலையாட்டினார். என்ன பெருந்தன்மை! தோற்றவர்களுக்குக் கொடுக்கிறாரே!

"சந்தோசமுங்கம்மா" என்றார் தெய்வசிகாமணி. "ஆனா அதை அப்படியே வாங்கிக்கறது மொறையில்லீங்க. இங்க பக்கத்துல பல்லு புடுங்கற டாக்டர் யாராச்சும் இருக்காங்களா?"

"ஐயோ, யாருக்கண்ணே பல்வலி?"

"வலியெல்லாம் இல்லீங்க. மூணு பேருக்கு வேணும். மேல்வரிசை மட்டும் போதுமுங்க."