மருந்தறைக்குள் ஓடிய பிள்ளைகள்

தவசிலிங்கத்தின் தீப்பெட்டி ஆபீசுக்குச் சோதனை போட ஆள் வரப்போவதாகக் காற்றுவாக்கில் செய்தி வந்தது. மனுஷனுக்குத் தூக்கம் போயிற்று. தன் குருவைத் தேடி மலையடிவாரத்து ஆசிரமத்துக்கு ஓடினார். குரு என்றதும் தாடியைத் தேட வேண்டாம். அவர் ஒரு பெண், தவசிலிங்கத்தைவிட வயதில் இளையவர். எல்லோருக்கும் அவர் தாயார்.

“தாயே, பிள்ளைகளை வேலைக்கு வைக்கிறது குற்றம்னு சட்டம் சொல்லுது. நிறுத்திட்டா அதுக வீட்டுல அடுப்பு எரியாது. பாவம் பார்த்துத்தான் வேலை கொடுத்திருக்கேன். நான் சட்டத்தைப் பார்க்கவா, தர்மத்தைப் பார்க்கவா?”

தாயார் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

“வாரும், உம்ம தர்மத்தைப் பார்த்துட்டு வரலாம்.”

அவர் காரில் ஏற மாட்டார். ஆட்டோவில் போனார்கள். வாசலில் முதலில் இறங்கியது தாயார்தான்.

புதுமுகத்தைக் கண்டதும் மேஸ்திரி தகரத்தைத் தட்டினான். கட்டைகளில் தீக்குச்சி அடுக்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் அவற்றை அப்படியே போட்டுவிட்டு எழுந்து ஓடினார்கள். ஒரு கூச்சல் இல்லை, அழுகை இல்லை. எல்லாம் பழகிப்போயிருந்தது. தீக்குச்சி மருந்து மூட்டைகள் கிடந்த பின்னறைக்குள் கடைசிப் பிள்ளையும் நுழைந்ததும் மேஸ்திரி வெளியே பூட்டுப் போட்டான்.

பின்னாலேயே இறங்கிய தவசிலிங்கம் அசடு வழிந்தார்.

“உங்களை ஆபீசர்னு நினைச்சிட்டான் தாயே. ஏலே, திறந்து விடுடா! இவங்க நம்ம குரு.”

பிள்ளைகள் இருமிக்கொண்டே வெளியே வந்தார்கள். முன்னால் நின்ற சிறுமியிடம் தாயார் பெயரைக் கேட்டார்.

“முப்பிடாதி.”

“வயசு?”

அவள் முதலாளியை ஒரு பார்வை பார்த்தாள்.

“ஆபீசருக்குன்னா பத்தொன்பது.”

“எனக்கு?”

“ஒன்பது.”

“அம்மா என்ன செய்யுது?”

“வீட்ல சும்மாதான் இருக்கு. இங்க வந்து வேலை கேட்டுச்சு. பெரிய ஆளு கூலி கட்டாதுன்னுட்டாரு முதலாளி.”

தவசிலிங்கத்தின் முகம் செத்துப்போயிற்று. வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. குருவின் முன்னால் பிள்ளையை அதட்டவும் முடியவில்லை.

“பச்சப்பிள்ளை, விவரம் தெரியாமப் பேசுது. என்ன இருந்தாலும் நாலு குடும்பம் என்னாலதானே சாப்பிடுது? இது தர்மம் இல்லையா தாயே?”

தாயார் பின்னறைக் கதவில் தொங்கிய பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“பங்குனித் திருவிழாவுல அன்னதானம் போட்டீரே, தவசிலிங்கம். வெளியாள் வந்தப்போ, சாப்பிட்டுக்கிட்டிருந்தவங்களை எந்த அறையில போட்டுப் பூட்டினீர்?”