ரசத்துக்கு ஏந்திய கை

“என்னைப் பந்தியிலேருந்து எடுத்துருங்கம்மா” என்றார் ஆவுடையப்பன்.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. இருபது வருஷமாக அந்த மடத்தில் ரசம் வைப்பதும் அவர்தான், வாளியில் கொண்டுபோய் ஊற்றுவதும் அவர்தான். மடத்தின் குரு சங்கரவடிவம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர். அதனால் சீடரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

“என்ன ஆச்சு அண்ணாச்சி?”

“கை சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்கு. இலைக்கு நேரா ஊத்துனா பக்கத்து ஆள் மடியில விழுது. நேத்து ஒருத்தர், குடிச்சுட்டுப் பரிமாறுதான்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டார்.”

சொல்லும்போதே நாக்கு குழறியது. பாவம், மனுஷர் அந்தச் சனியனை ஒரு நாளும் தொட்டதில்லை.

“டாக்டர் என்ன சொன்னார்?”

“சிறுமூளையில கோளாறாம். பலம் அப்படியே இருக்காம். கைகாலு ஒண்ணுக்கொண்ணு இசையாதாம். பயிற்சி செய்யணும், முழுசாச் சரியாகாதுன்னுட்டார்.”

“வலது கையை இடது கையால பிடிச்சுப் பாத்தீங்களா?”

“பாத்தேன். அப்போ வாளியை யாரு பிடிப்பா?”

அம்மா சிரித்துவிட்டார். ஆவுடையப்பனுக்கும் சிரிப்பு வந்தது. அதன் பின்னாலேயே அழுகையும் வந்தது.

“துணிமணியைப் பையில எடுத்து வச்சுட்டேம்மா. பரிமாறாம இங்க உக்காந்து சாப்பிட என்னால முடியாது.”

“இன்னைக்கு ஒரு பந்தி ஊத்திட்டுப் போங்க. ரசத்தை மட்டும் நல்லா ஆறவச்சுக் கொண்டாங்க.”

எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகே குரு சாப்பிடுவது அந்த மடத்து வழக்கம். அன்று அம்மா முதல் பந்தியில், முதல் இலையில் போய் உட்கார்ந்தார்.

ஆவுடையப்பன் தள்ளாடி வந்து வாளியைக் கீழே வைத்தார். கரண்டியை எடுத்தார்.

அம்மா இலையைக் காட்டவில்லை. ரசம் வாங்கிக் குடிக்கிறவர்கள் செய்வதுபோல் இரண்டு கையையும் குவித்து ஏந்தினார்.

கரண்டி இடப்பக்கம் போனது. கைகளும் இடப்பக்கம் போயின.

கரண்டி சட்டென்று மேலேறி வலப்பக்கம் சாய்ந்தது. நடை பழகும் பிள்ளைக்குப் பின்னால் போவதுபோல் கைகளும் போயின.

பாதி முழங்கை வரை வழிந்தது. மீதியை அம்மா சத்தம் வர உறிஞ்சிக் குடித்தார்.

அடுத்த இலைக்காரர் பார்த்தார். அவரும் கையைக் குவித்தார். அவருக்கு அடுத்தவரும் குவித்தார்.

ஆவுடையப்பன் கண்ணைத் துடைக்கப் போனார். கை காதில் போய் முட்டியது.

“அம்மா, இப்பவும் நான் சிந்தத்தானே செஞ்சேன்?”

அம்மா புறங்கையை நக்கிக்கொண்டார்.

“மிளகு கூடிப்போச்சு அண்ணாச்சி. நாளைக்குக் குறைச்சுப் போடுங்க.”