வழியனுப்பி முடியாத சம்பந்தி

முன்னொரு காலத்தில், கால்கள் இரண்டும் நன்றாக இருந்தும் அவற்றை வேலைக்கு அனுப்பாத அரசர் ஒருவர் இருந்தார். பத்தாயிரம் வீடுள்ள தலைநகரம். எவர் குறைவாக நடக்கிறாரோ அவரே அங்கே பெரிய மனிதர். கணக்கர் வண்டியில் போவார், தளவாய் குதிரையில், அரசர் பல்லக்கில். குளிக்கப் போவதற்கும் பல்லக்குதான். நான் பார்க்கவில்லை, தூக்கியவர்கள் சொன்னது.

அரசருக்கு மூச்சு வாங்கியது. தினம் ஒரு நாழிகை நடக்காவிட்டால் அடுத்த பொங்கல் சந்தேகம் என்றார் வைத்தியர். இனி நடக்கச் சொல்பவனை நாடு கடத்துவேன் என்றார் அரசர். அரசவை விகடர் ஆவுடையப்பன்மேல் வெகுநாள் பொறாமையில் இருந்த தளவாய் உடனே எழுந்தார்.

"மகாராஜா, விகடர் நினைத்தால் சொல்லாமலே தங்களை நடக்க வைப்பார். பதினைந்து நாளில் முடியாவிட்டால், அவரே ஊரைவிட்டு நடக்கட்டும்."

அரசருக்கும் வேடிக்கை பார்க்க ஆசை. சம்மதித்தார்.

விகடர் நேரே ஆவாரங்காட்டுக்குப் போனார். அரசர் பெண் கொடுத்த நாடு அது. மொத்தமே பதினொரு வீடு. அங்கே ராஜாவே மாட்டை ஓட்டிவருவார், வேறு ஆள் இல்லை. அந்தச் சம்பந்தியை அழைத்துவந்து அரண்மனைத் தெருவின் மறுகோடியில் தங்கவைத்தார்.

மாலையில் சம்பந்தி நடந்தே வந்து நலம் விசாரித்துவிட்டுக் கிளம்பினார். வழியனுப்ப அரசர் பல்லக்கில் ஏறப்போனார். விகடர் காதோடு சொன்னார்:

"சம்பந்தி தரையில், தாங்கள் உயரத்தில் என்றால் இளவரசிக்குப் புகுந்த வீட்டில் பேச்சு வரும், மகாராஜா."

அரசர் காலைக் கீழே வைத்தார். சம்பந்தியை அவர் வாசல்வரை கொண்டுபோய் விட்டார். அரசரைத் தனியாக அனுப்புவதா என்று சம்பந்தி திரும்ப அரண்மனைவரை வந்தார். பெண் கொடுத்தவர் சும்மா இருக்கலாமா? மறுபடி கொண்டுபோய் விட்டார். மரியாதையில் இருவருமே விட்டுக்கொடுக்கிற ஆட்கள் இல்லை. முதல் நாள் நான்கு தடவை, பத்தாம் நாள் பதினாறு. அரசர் நடக்கையில் குதிரை ஏறக்கூடாதே என்று தளவாயும் பின்னாலேயே நடந்தார்.

பதினைந்தாம் நாள் வைத்தியர் நாடி பார்த்து, இன்னும் இருபது பொங்கல் உறுதி என்றார். விகடர் அரசரை நடக்கச் சொல்லிவிட்டார், அவரை நாடு கடத்த வேண்டும் என்று தளவாய் மூச்சிரைக்க முறையிட்டார்.

"நான் வழியனுப்புவதைப் பற்றித்தான் பேசினேன், மகாராஜா. சம்பந்திதான் இன்னும் போய்ச் சேரவில்லை" என்றார் விகடர்.

அரசர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், இருமல்கூட வரவில்லை. விகடருக்குப் பல்லக்கு ஒன்றைப் பரிசளித்தார். அதில் அவர் வீட்டுக் கோழிதான் குஞ்சு பொரித்தது. அந்தக் குஞ்சுகளில் ஒன்றுகூட இன்றுவரை தரையில் கால் வைக்கச் சம்மதிக்கவில்லை என்று கேள்வி.